அச்சிட்ட டைட்டானியத்தை வெட்டும் சிமுலேஷன்: வெட்டு விசை பொருந்துகிறது, ஊட்டு விசை பொருந்தவில்லை

படிகமணி கேட்டது:

வணக்கம். தூள்படுகையை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்ட டைட்டானியம் 6-4 பாகங்களை (6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த, எல்லோரும் பயன்படுத்தும் அதே கலவை) வெட்டும்போது எழும் விசைகளையும் சீவலின் வடிவத்தையும் கணினியில் கணிக்க முயன்று வருகிறேன். அபாகஸ் எக்ஸ்பிளிசிட் என்ற சிமுலேஷன் மென்பொருளில் வெப்பமும் இடப்பெயர்ச்சியும் இணைந்த இருபரிமாண மாதிரி ஒன்றை அமைத்துள்ளேன். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர். வெட்டப்படாத சீவலின் தடிமன் 0.1 மி.மீ.; பூச்சு இல்லாத கார்பைடு உளி. பொருளின் நடத்தைக்கு, திரிபு (உருச்சிதைவின் அளவு), திரிபு வீதம், வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து தகைவைத் (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) தரும் ஜான்சன்–குக் சமன்பாட்டையும், அதன் மாறிலிகளாக உருட்டித் தயாரித்த டைட்டானியத்துக்கு ஆய்வுக் கட்டுரைகளில் கிடைக்கும் எண்களையும் பயன்படுத்துகிறேன். உராய்வுக் குணகம் 0.3.

டைனமோமீட்டரில் அளந்த வெட்டு விசையோடு கணித்த வெட்டு விசை ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஊட்டுத் திசையில் எழும் விசை, அளந்ததில் ஏறக்குறையப் பாதிதான் வருகிறது. சீவலும் ரம்பப்பல் வடிவத்தில் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. பற்கள் இருக்கின்றன, ஆனால் மழுங்கலாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருக்கின்றன.

அச்சிட்ட பொருளுக்கென்று தனியாக மாறிலிகளைக் கண்டறிந்தால் இந்த வேறுபாடு தீருமா, அல்லது மாதிரியின் அமைப்பிலேயே வேறு குறை இருக்கிறதா? அச்சு வளர்ந்த திசைக்கு ஏற்பப் பொருளின் வலிமை மாறும் என்பதையும் மாதிரிக்குள் கொண்டுவர வேண்டுமா? இறுதி நோக்கம் இந்தச் சிறு வெட்டு அல்ல. மெல்லிய சுவர்கள் கொண்ட ஒரு தாங்கியை அச்சிட்டு, அதன் பொருத்து முகங்களை மில்லிங் செய்யும்போது அது எவ்வளவு கோணும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.


வலைக்கண்ணி எழுதியது:

முதலில் நான் கேட்க விரும்புவது, நீங்கள் வெட்டிய பொருள் எந்த நிலையில் இருந்தது என்பதே. "அச்சிட்ட டைட்டானியம்" என்பது ஒரே பொருள் அல்ல. லேசர் தூள்படுகையிலிருந்து எடுத்தபடியே இருந்தால், உருகிய குட்டை மிக வேகமாகக் குளிர்வதால் பீட்டா நிலை (உயர் வெப்பநிலையில் இருக்கும் படிக அமைப்பு) முழுவதும் ஊசி ஊசியான மார்ட்டன்சைட்டாக மாறியிருக்கும். கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 400-ஐ ஒட்டி நிற்கும், ஆனால் நீட்சித்திறன் குறைவாக இருக்கும். இதையே ஹிப் எனப்படும் வெப்ப-அழுத்தப் பதனத்தில் 920 டிகிரி செல்சியஸில் 100 மெகாபாஸ்கல் அழுத்தத்தின் கீழ் 2 மணி நேரம் வைத்தால், மார்ட்டன்சைட் சிதைந்து ஆல்ஃபா–பீட்டா அடுக்குகளாகப் பிரிந்துவிடும். வலிமை குறையும், நீட்சி கூடும். எலக்ட்ரான் கற்றையால் அச்சிட்டிருந்தால் படுகையே 700 டிகிரிக்கு அருகில் சூடாக வைக்கப்படுவதால் தொடக்கத்திலிருந்தே அடுக்கு அமைப்புதான் கிடைக்கும், எஞ்சிய தகைவும் (வெளிவிசை இல்லாதபோதும் பொருளுக்குள் தங்கிவிடும் தகைவு) மிகக் குறைவாக இருக்கும். இந்த மூன்றையும் ஒரே மாறிலித் தொகுப்பால் விவரிக்க இயலாது.

அடுத்து, ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்த எண்கள் என்கிறீர்கள், எந்த எண்கள்? உருட்டிய பொருளுக்கே, அதிகம் பயன்படும் இரண்டு தொகுப்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதை இங்கே கணக்கிட்டுக் காட்டுகிறேன். (ஏ தொடக்க வலிமை; பி, என் திரிபால் வலுப்படுவது; சி திரிபு வீதத்தின் தாக்கம்; எம் வெப்பத்தின் தாக்கம்.) லீயும் லின்னும் 1998-இல் வெளியிட்டவை: ஏ = 782.7, பி = 498.4 மெகாபாஸ்கல், என் = 0.28, சி = 0.028, எம் = 1. விமான எஞ்சினின் சுழல் இதழ் உடைந்து உறையில் மோதும் சிக்கலுக்காக லெசுவர் 2000-இல் தந்தவை: ஏ = 1098, பி = 1092, என் = 0.93, சி = 0.014, எம் = 1.1. உங்கள் வேகம் நொடிக்கு 1 மீட்டர். ஷியர் பட்டையின் (பொருள் சறுக்கிச் சிதையும் மெல்லிய பகுதி) தடிமன் 10 மைக்ரோமீட்டர் என்று கொண்டால் திரிபு வீதம் நொடிக்கு 1,00,000 என்ற அளவில் இருக்கும். வெப்பத்தின் தாக்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அந்த வீதத்தில் தகைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். திரிபு 0.1 எனும்போது முதல் தொகுப்பு ஏறக்குறைய 1720 மெகாபாஸ்கலும் இரண்டாவது 1420-உம் தருகின்றன. திரிபு 1 ஆகும்போது முதலாவது 2110, இரண்டாவது 2540. அதாவது சிறிய திரிபில் எது வலிமையான பொருளோ அது பெரிய திரிபில் மெலிந்த பொருளாகிவிடுகிறது. சீவல் உருவாகும் இடத்தில் இந்த இரு திரிபுகளும் அடுத்தடுத்தே நிகழ்வதால், எந்தத் தொகுப்பை எடுத்தீர்கள் என்பதே சீவலின் வடிவத்தைப் பெருமளவு முடிவு செய்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் ஒப்பீட்டுத் திரிபு வீதம். லீ–லின் எண்கள் நொடிக்கு 0.00001 என்ற வீதத்தை அடிப்படையாகக் கொண்டவை. லெசுவரின் எண்களுக்கு அது 1. முதல் தொகுப்பை எடுத்துக்கொண்டு மென்பொருளில் ஒப்பீட்டு வீதத்தை 1 என்று விட்டுவிட்டால், மேலே சொன்ன 2110 மெகாபாஸ்கல் சுமார் 1690 ஆகச் சரிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு வலிமை ஒரே ஒரு கட்டத்தில் காணாமல் போகிறது; மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. உங்கள் கோப்பில் அந்த வரியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

சீவலின் பற்கள் மழுங்கலாக வருவதற்கு வேறு காரணமும் உண்டு. ஜான்சன்–குக் சமன்பாட்டில் திரிபு கூடக் கூடத் தகைவும் கூடிக்கொண்டே போகும். அதைக் குறைப்பது வெப்பம் மட்டுமே. டைட்டானியத்திலோ பெரிய திரிபில் பொருளே உள்ளுக்குள் மெலிகிறது. இதற்காகத்தான் 2008-இல் டான்ஹெச் என்ற பெயரில் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. குறிப்பிட்ட திரிபுக்கு மேல் தகைவு இறங்கத் தொடங்கும்படி ஒரு காரணி பெருக்கப்படுகிறது. அதைச் சேர்த்தால் உடைவு விதி எதையும் நம்பாமலேயே ரம்பப்பல் சீவல் வந்துவிடும். ஆனால் அதன் கூடுதல் மாறிலிகளைச் சீவலின் படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் பொருத்துகிறார்கள் என்பதால், அதே படத்தைக் காட்டி மாதிரி சரியென்று நிறுவ முடியாது.

மாதிரியைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கும் வலையின் அளவையும் சொல்லவில்லை நீங்கள். இந்தக் கலவையின் வெப்பங்கடத்துதிறன் மீட்டர்–கெல்வினுக்கு ஏறத்தாழ 7 வாட் மட்டுமே. ஒரு பல் உருவாக 100 மைக்ரோநொடி ஆகிறது என்று வைத்தால், அதற்குள் வெப்பம் பரவும் தொலைவு 17 மைக்ரோமீட்டர் அளவுதான். அந்தத் தொலைவுக்குள் மூன்று நான்கு கூறுகளாவது விழ வேண்டும் என்றால் கூறின் நீளம் 5 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவில் ஒரு கணக்கீட்டுப் படியின் காலம் ஒரு நானோநொடிக்கும் குறைவு, 1 மி.மீ. வெட்டுவதற்கே 12 லட்சம் படிகள் தேவைப்படும். இதைத் தவிர்க்க நிறையைச் செயற்கையாகக் கூட்டுபவர்கள், பல் ஒவ்வொன்றும் தெறித்து நகரும் இயக்கத்தில் நிலைமமும் பங்கெடுக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது.


உளிமுனை எழுதியது:

வலைக்கண்ணி சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேள்வியின் மையம் ஊட்டு விசை. மாறிலிகளை எவ்வளவு மாற்றினாலும் அந்தப் பாதி விசை திரும்பி வராது என்றே நினைக்கிறேன். மாறிலிகளை உயர்த்தினால் இரு விசைகளும் சேர்ந்து உயரும். வெட்டு விசை இப்போது பொருந்துவதும் கெட்டுப்போகும். விசைகளின் விகிதம் தவறாக இருக்கிறதென்றால், பொருளை விட்டுவிட்டு உளியும் பொருளும் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கே மூன்று ஐயங்கள் எழுகின்றன. உளியின் விளிம்பை மாதிரியில் எப்படி வரைந்திருக்கிறீர்கள்? பயன்பாட்டில் உள்ள கார்பைடு உளிகளின் விளிம்பு ஆரம் பொதுவாகப் 10 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். அச்சிட்ட பாகம் என்பதே ஏறக்குறைய இறுதி வடிவத்தில் பிறப்பது. அதில் மிச்சமிருப்பது முடிப்பு வெட்டுதான், எனவே சீவலின் தடிமனும் சிறிது. கட்டியிலிருந்து குடைந்தெடுக்கும் வேலையில் விளிம்பு ஆரத்தைப் புறக்கணித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அந்த ஆரம் சீவல் தடிமனின் கால் பங்கை எட்டிவிடும். விளிம்புக்குக் கீழே அழுத்தப்பட்டுப் பின்புறமாக உரசிச் செல்லும் பொருள்தான் ஊட்டு விசையின் பெரும் பகுதியைத் தருகிறது.

இரண்டாவது, சீவலைப் பிரிக்கக் கூறுகளை நீக்கும் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விளிம்புக்கு நேர் எதிரே உள்ள ஒரு வரிசைக் கூறுகள் உடைவு அளவை எட்டியதும் மறைந்துவிடுகின்றன. உண்மையில் உளியின் கீழே நசுங்க வேண்டிய பொருள் அது. அது மறைந்ததும் விளிம்புக்கும் வெட்டிய பரப்புக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி விழுந்து, ஊட்டு விசை சரிகிறது. அசைவுப் படத்தை மெதுவாக ஓட்டி, விளிம்பின் அடியில் தொடுவிசை தொடர்ச்சியாக இருக்கிறதா, இல்லை விட்டு விட்டு வருகிறதா என்று பாருங்கள். விட்டு விட்டு வருமானால் காரணம் தெளிவு. ஆய்லர்–லக்ராஞ்சு இணைப்பு முறைக்கு மாறினால் கூறுகளை நீக்கும் தேவையே இராது. பொருள் விளிம்பைச் சுற்றி இருபுறமும் வழிந்து செல்லும். கணினி நேரம் கூடும், உண்மைதான். உடைவு ஆற்றலை வைத்துத்தான் தொடர்வேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தளத்திரிபு நிலையில் அந்த ஆற்றல் முறிவுத் திண்மையின் இருமடிக்கு நேர்விகிதம். திண்மை 60 மெகாபாஸ்கல்–வேர்மீட்டர் என்றால் மி.மீ.க்கு 28 நியூட்டன் வரும். அச்சிட்டபடியே உள்ள பொருளின் திண்மை அதில் பாதியாக இருந்தால் 7 மட்டுமே. உருட்டிய பொருளின் எண்ணை அப்படியே இடுவது இங்கே சிறிய பிழை அல்ல.

மூன்றாவது உராய்வு. 0.3 என்ற ஒற்றை எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலான கட்டுரைகள் இன்னொரு கட்டுரையைக் கைகாட்டும். விளிம்புக்கு அருகில் அழுத்தம் மிக அதிகம், பொருள் உளியில் ஒட்டியே நகர்கிறது. அங்கே உராய்வுத் தகைவுக்குப் பொருளின் ஷியர் வலிமையே மேல்வரம்பு. சற்றுத் தள்ளிய பின்புதான் வழுக்கல். இரு பகுதிகளையும் தனித்தனியே கொள்ளும் விதியை வைத்து, வழுக்கல் குணகத்தை 0.3-இலிருந்து 0.7 வரை மாற்றி, இரு விசைகளும் எப்படி நகர்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொல்லவில்லை. விடை உராய்வைப் பொறுத்து எவ்வளவு ஆடுகிறது என்று அறிவதற்காகச் சொல்கிறேன்.

வெப்பநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மில்லிநொடி நீளும் கணக்கீட்டில் சீவல் நிலைத்த நிலைக்கு வந்துவிடும், உளி வராது. கணித்த உளி வெப்பநிலையை அப்படியே தேய்மானக் கணக்கில் இடாதீர்கள். வெப்பப் பாய்வை மட்டும் எடுத்து, உளிக்கென்று தனியாக ஒரு வெப்பக் கடத்தல் பகுப்பாய்வு செய்வதே முறை.


படிகமணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கேட்ட விவரங்கள்: பொருள் லேசர் தூள்படுகையில் அச்சிடப்பட்டு, அச்சிட்ட அடித்தகடோடு சேர்த்தே வெற்றிட உலையில் 800 டிகிரியில் 2 மணி நேரம் தகைவு நீக்கம் செய்யப்பட்டது. ஹிப் செய்யப்படவில்லை. மாறிலிகள் லெசுவரின் தொகுப்பு. ஒப்பீட்டு வீதம் 1 என்றே உள்ளது. உளியின் விளிம்பு ஆரத்தை ஒளியியல் கருவியில் அளந்தேன். 25 மைக்ரோமீட்டருக்கு அருகில் வருகிறது. மாதிரியிலும் அதே ஆரம்தான். கூறுகளை நீக்கும் முறையே பயன்படுத்தப்படுகிறது. உளிமுனை சொன்னபடி அசைவுப் படத்தைப் பார்த்தபோது விளிம்பின் அடியில் தொடுவிசை விட்டு விட்டுத்தான் வருகிறது.

ஹாப்கின்சன் தண்டு சோதனைக்கான (சிறு உருளையை மிக வேகமாக நசுக்கி வலிமையை அளக்கும் முறை) வசதி கிடைக்கக்கூடும். அதற்கான உருளைகளை எந்தத் திசைகளில் வெட்டியெடுக்க வேண்டும்? அதோடு, தாங்கியின் கோணலைக் கணிக்க இந்தச் சீவல் மாதிரியிலிருந்து எதை எடுத்துச் செல்வது?


வலைக்கண்ணி எழுதியது:

விட்டு விட்டு வரும் தொடுவிசை உளிமுனையின் ஐயத்தை உறுதிப்படுத்துகிறது. வலையின் வகையை முதலில் மாற்றிவிடுங்கள், மற்றவை பிறகு.

திசையைப் பொறுத்தவரை, அச்சிடல் வளர்ந்த திசைக்கு இணையாகவும், செங்குத்தாகவும், 45 பாகைச் சாய்விலும் உருளைகளை எடுப்பது வழக்கம். பழைய பீட்டா படிகமணிகள் அடுக்கு எல்லைகளைப் பொருட்படுத்தாமல் பல அடுக்குகளை ஊடுருவித் தூண்கள் போல நிற்கும். 800 டிகிரிப் பதனம் பீட்டா மாற்ற வெப்பநிலையான ஏறக்குறைய 995 டிகிரிக்குக் கீழே நடப்பதால், உள்ளிருக்கும் மார்ட்டன்சைட் சிதைந்தாலும் தூண்கள் அப்படியே இருக்கும். ஆகவே வெப்பப்பதனம் செய்தாயிற்று, இனித் திசைச் சிக்கல் இல்லை என்று கருத வேண்டாம். உருளையின் விட்டத்துக்குள் இத்தகைய தூண்கள் பல அடங்கும். அதனால் சோதனை தருவது ஒரு சராசரி. உங்கள் சீவலின் தடிமனோ 0.1 மி.மீ., ஒரு தூணின் அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு. உளி ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு படிகமணிகளைத்தான் சந்திக்கிறது. அளந்த விசைக் கோட்டில் தெரியும் ஏற்ற இறக்கங்களில் ஒரு பகுதி இதனால் வருவது. சராசரிப் பொருளைக் கொண்ட எந்த மாதிரியும் அதைத் தராது, தர வேண்டியதும் இல்லை. சராசரி விசை திசைக்குத் திசை மாறுகிறதா என்பதை மட்டும், திசைக்கேற்ப வலிமை மாறுவதைக் கணக்கில் கொள்ளும் ஹில் விதியைக் கொண்டு சரிபாருங்கள். வெட்டுத் திசை, அச்சிடல் வளர்ந்த திசையோடு எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை ஒவ்வொரு அளவீட்டின் அருகிலும் குறித்து வைக்காவிட்டால், பின்னர் அந்தத் தரவால் பயனில்லை.

ஹாப்கின்சன் தண்டில் நொடிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் வரையிலான வீதங்களே எளிதில் எட்டும். மேலே கணக்கிட்ட 1,00,000 என்பதற்கு நீங்கள் வெளிநீட்டிப்பு செய்தே ஆக வேண்டும். அறை வெப்பநிலையில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாமல், உருளையைச் சூடாக்கி 600 டிகிரி வரையாவது சோதிப்பது முக்கியம்; லீ–லின் தொகுப்பின் எம் = 1 என்ற மாறிலியின்படி அந்த வெப்பநிலையில் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது, அந்தச் சரிவைச் சோதனை ஒப்புக்கொள்கிறதா என்று தெரிய வேண்டும்.


நிலைத்தட்டு எழுதியது:

இந்த இழையை வாசித்துவந்தவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லலாம் என நினைக்கிறேன். தாங்கியின் கோணல்தான் நோக்கம் என்றால், சீவலைக் கணிக்கும் மாதிரியில் இவ்வளவு உழைப்பைப் போடுவது ஏன்? மில்லிங் வெட்டியின் பல்லொன்றுக்கான விசையை, சீவல் தடிமனின் சார்பாக எழுதப்படும் எளிய விசைக் குணகங்களால் சொல்லிவிடலாம். அதே பொருளில், அதே வெட்டியில், ஊட்டை மாற்றி மாற்றிச் சில வெட்டுகளை அளந்தால் வெட்டுக் குணகமும் விளிம்புக் குணகமும் தனித்தனியே கிடைத்துவிடும். உளிமுனை சொல்லும் விளிம்பு அழுத்தம் முழுவதும் அந்த இரண்டாவது குணகத்துக்குள் வந்துவிடுகிறது, எந்தக் கூறையும் நீக்காமலே. சிமுலேஷனில் பாதியாக வரும் ஊட்டு விசையைப் பாகத்தின் மீது செலுத்தினால், சுவரைத் தள்ளும் விசையே பாதியாகிவிடும். மெல்லிய சுவருக்கு வேண்டியது அந்த விசைதான்.

எவ்வளவு வேண்டும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். 20 மி.மீ. உயரமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட ஒரு சுவரில் 20 மி.மீ. அகலப் பகுதியை மட்டும் ஒருமுனை பற்றிய உத்திரமாகக் கொள்ளுங்கள். உச்சியில் 50 நியூட்டன் விசை பக்கவாட்டில் தள்ளினால், யங் குணகம் 114 கிகாபாஸ்கல் எனும்போது, உச்சி 0.09 மி.மீ. அளவு விலகுகிறது. வெட்டி 0.3 மி.மீ. சீவியெடுத்துச் சுவர் 1.7 மி.மீ. ஆனபின் அதே விசை 0.14 மி.மீ. விலக்கும். முடிப்புக்கென்று விட்ட பொருளே 0.3 மி.மீ.தான் என்றால், வெட்டி சீவ வேண்டியதில் பாதியைச் சுவர் நழுவவிடுகிறது. உச்சியில் தடித்தும் அடியில் சரியாகவும் வரும். பக்கத்துச் சுவர்ப்பகுதியின் தாங்கல் இதைக் குறைக்கும். அதிர்வு இதைக் கூட்டும். ஓடுக் கூறுகளால் ஆன எளிய மாதிரி ஒன்றில், வெட்டி கடந்த இடங்களின் தடிமனைக் குறைத்துக்கொண்டே போனால் இதைப் பாகம் முழுவதற்கும் செய்யலாம்.

இது மீள்விலகல். பற்றுக்கருவியைத் தளர்த்தியபின் நிலைத்திருக்கும் கோணல் வேறு வகை. அங்கே எஞ்சிய தகைவு வருகிறது. இதிலும் இரண்டு ஆழங்கள் உண்டு. அச்சிடும்போது உண்டான தகைவு பாகத்தின் முழுத் தடிமனிலும் மி.மீ. கணக்கில் பரவியிருக்கும்; வெட்டியால் உண்டாவது மேற்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு பத்திலொரு மி.மீ. ஆழத்துக்குள் அடங்கிவிடும். முதலாவதற்கு, உள்ளார்ந்த திரிபு முறையில் (அச்சிடலால் வரும் சுருக்கத்தை நேரடியாகத் திரிபாக இடுவது) அச்சிடலைக் கணித்து, வெப்பப்பதனத்தில் தளர்ந்ததைக் கழித்து, தகட்டிலிருந்து அறுத்தெடுப்பதையும் பின்னர் சீவப்படும் பொருளையும் கூறுகளைச் செயலிழக்கச் செய்து காட்டினால் போதும். அது நிலையியல் கணக்கு, வெட்டு வேகத்துக்கு அதில் இடமே இல்லை. உங்கள் பாகம் தகைவு நீக்கம் செய்யப்பட்டது என்பதால், முதல் வகை பெரும்பாலும் அடங்கியிருக்கும். முழுவதும் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், துளையிட்டுத் திரிபுமானியால் ஓரிடத்திலாவது அளந்து பாருங்கள். எக்ஸ்-கதிர் அளவீடு மேற்பரப்பில் சில மைக்ரோமீட்டர் ஆழத்தை மட்டுமே காணும். வெட்டாத பரப்பில் பாதி உருகிய தூள்துகள்கள் ஒட்டியிருப்பதால் அங்கே கிடைக்கும் எண்ணை நம்பிப் பாகத்தின் உட்புறத்தைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.


வலைக்கண்ணி எழுதியது:

நிலைத்தட்டின் வழி குறுக்குவழி என்றாலும் நல்ல வழி. கோணலுக்கு அதையே நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் சீவல் மாதிரியை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அவர் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. சுவர் 1.7 மி.மீ. தடிமனுக்கு வந்தபின், இருபுறமும் 0.15 மி.மீ. ஆழம் வரை வெட்டியால் உண்டான தகைவு படிந்திருந்தால், அது குறுக்குவெட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். ஒருபுறம் மட்டும் முடிப்பு வெட்டு நடந்து மறுபுறம் அச்சிட்டபடியே விடப்பட்டால், இந்தச் சமனின்மையே சுவரை வளைக்கப் போதும். அந்தத் தகைவு எவ்வளவு, எந்த ஆழம் வரை என்பதை விசைக் குணகங்கள் சொல்லமாட்டா. ஒன்று அடுக்கடுக்காக மின்வேதி முறையில் அரித்து எக்ஸ்-கதிரால் அளக்க வேண்டும், அல்லது சீவல் மாதிரியிலிருந்து எடுக்க வேண்டும். மாதிரியிலிருந்து எடுப்பதாக இருந்தால் விளிம்பின் கீழுள்ள பொருள் சரியாக நசுங்கியாக வேண்டும். ஊட்டு விசை பாதியாக வரும் மாதிரி அந்தத் தகவலைத் தராது.


உளிமுனை எழுதியது:

மேலே சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட பரப்பின் கரடுமுரடு ஆர்.ஏ. (சராசரி விலகல்) அளவில் பொதுவாகப் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். மேடுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான முழு உயரம் அதைப் போலப் பல மடங்கு. முதல் வெட்டில் உளி சந்திக்கும் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், அதனால் முதல் வெட்டில் அளந்த விசையை மாதிரியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரு வெட்டு எடுத்துப் பரப்பைச் சமப்படுத்திய பின், இரண்டாம் வெட்டின் விசையை ஒப்பிடுங்கள். புதிய உளி விளிம்போடு அளந்ததா, தேய்ந்த விளிம்போடு அளந்ததா என்பதையும் பிரித்து வையுங்கள். டைட்டானியம், உளியின் கார்பைடோடு வேதிவினை புரிந்து விளிம்பைச் சீக்கிரமே மாற்றிவிடுகிறது. வெட்டின் முடிவில் அந்த 25 மைக்ரோமீட்டர் ஆரமோ பின்முகத்தின் தட்டையான பட்டையோ எவ்வளவு ஆகியிருந்தது என்று அதே ஒளியியல் கருவியில் மறுபடியும் அளந்திருக்கிறீர்களா? கணித்த ஊட்டு விசையில் தெரியும் குறைவில் ஒரு பங்கு, மாதிரியில் புத்தம்புது உளியும் டைனமோமீட்டரில் தேய்ந்த உளியும் இருந்ததால் வந்ததாக இருக்கலாம்.


படிகமணி எழுதியது:

வெட்டின் முடிவில் விளிம்பை அளக்கவில்லை. ஆனால் அந்த உளித்துண்டுகள் வெட்டு வரிசைப்படி எண்ணிட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளன, ஆகவே இப்போதும் அளக்க முடியும். அந்த அளவுகள் வந்ததும், ஆய்லர்–லக்ராஞ்சு மாதிரியில் புதிய விளிம்புக்கும் தேய்ந்த விளிம்புக்கும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டாம் வெட்டின் விசைகளோடு மட்டும் ஒப்பிட்டு, முடிவுகளை இங்கேயே இடுகிறேன். தாங்கியின் கோணலுக்கு விசைக் குணகங்களை அளக்கும் வேலையை இதனோடு இணையாகத் தொடங்கிவிடுகிறேன்.